தண்ணி மீன்

அந்தக் கரையில் மீனுக்கு விலை கூறும் முன் தண்ணிக்கு மீன் எடுப்பார்கள். எடுப்பார்கள் என்ன, எடுப்பது ஒருவர்தான். வலை உதறி முடிந்து, பிடிபட்டதெல்லாம் கூறு கூறாக மணலில் கிடக்கும்போது, ஏலம் கூறுகிற அந்த மனுசர் சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு கூறின் முன்னாலும் குனிவார். ஒரு மீனை எடுத்து, கயிறு கட்டிப் பின்னால் இழுத்து வரும் பிளாஸ்டிக் கூடைக்குள் போடுவார். கூறில் இருக்கிற பெரியதை எடுக்க மாட்டார். சின்னதையும் எடுக்க மாட்டார். நடுவாந்தரமான ஒன்று. நெத்தலி, சூடை என்றால் ஒரு கை அள்ளல். நண்டென்றால் ஒரு நண்டு. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து விலை கூறத் தொடங்குவார், தமிழில் ஒரு தரம், சிலாபத்திலிருந்து வருகிற சிங்கள வியாபாரிகளுக்காக இன்னொரு தரம்.

அந்தக் கூடை கடைசியாக ஏலம் போகும். அந்தக் காசுக்கு மறுநாள் மத்தியானம் தண்ணி ஏற்றிய பவுசர் லொறி வரும். பள்ளிவாசலுக்கு முன்னால் நிற்கும். வீட்டுக்கு இத்தனை கேன் என்று எல்லாருக்கும் ஒரே அளவாகப் பில்டர் தண்ணி இறங்கும். கூடைக்குள் போன மீனுக்குத் தண்ணி மீன் என்று பெயர்.

"முதல்ல தண்ணி. பிறகு மீன்." அவர் வாயில் இது கிடந்து உருளும். ஏலத்துக்கு ஆள் பிந்தி வந்தாலும் இதுதான், யாராவது கூடைக்குக் குறுக்கே காலை வைத்தாலும் இதுதான்.

நான் அப்போது ஒரு முதலாளியின் ஐஸ் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். நாட்டில் சண்டை முடிந்து ரோட்டெல்லாம் திறந்துவிட்டிருந்த காலம். எந்த ஊரிலும் நிற்கத் தெரியாத கால்கள் எனக்கு. ஒரு வாசலில் பாய் விரித்தால் அடுத்த வாசல் கூப்பிடுவது மாதிரி இருக்கும். அப்படி ஓடிக்கொண்டிருந்தவனை அந்த மணல் நாக்கு ஏனோ மறுபடி மறுபடி இழுத்தது. ஒரு கன்னத்தில் கடல், மறு கன்னத்தில் கடல் உள்ளே வந்து தேங்கிய களப்பு, நடுவில் கல்பிட்டிப் பக்கமாக மெலிந்து நீண்டுகொண்டு போகிற மணல். எங்கு பார்த்தாலும் தண்ணீர். குடிக்க ஒரு மிடறு இல்லை. முந்தி இருந்ததாம். கையால் மணலைத் தோண்டினாலே இனிப்பாக ஊறுமாம். தோட்டங்களுக்குப் பம்பு வந்து நாள் முழுக்க இழுத்து இழுத்து, கீழே கடல் மெல்ல நடந்து உள்ளே வந்துவிட்டது என்று சொன்னார்கள். யாரும் அதை வரும்போது பார்க்கவில்லை. ஒருநாள் தேத்தண்ணி கரித்தது, அவ்வளவுதான்.

ஏலம் கூறுகிறவரை எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்றார்கள். நானும் நானா என்றேன்.

முதல் மாதமே என் முதலாளி குமுறினார். போனில் அவர் குரல் லொறி எஞ்சினை விடச் சத்தமாகக் கேட்கும். "சந்தைக்கு வரி, லொறிக்கு வரி, ஐஸ் கட்டிக்கும் வரி. இப்ப வெறும் மணலிலயும் வரியா? கேட்டுச் சொல்லு அந்த ஆளிட்ட."

கேட்டேன். நானா பீடியை மணலில் குத்தி அணைத்தார்.

"ஒன்ட முதலாளியிட்ட நான் ஒரு சதம் கேட்டனா தம்பி? விலை கூற முந்தியே நான் மீனை எடுத்திட்டன். அவர் வாங்குறது மிச்சத்த. எடுத்தது அவருக்குத் தெரியவே தேவையில்ல."

பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் தலை நிமிர்த்தினார். "அப்ப அது எங்கட மீனில்லியா நானா? எங்கட மடியில இருந்துதானே போகுது."

"ஒன்ட மடிக்கு அது எப்ப வந்தது? கடல்ல இருந்து கூடைக்குத்தான் வந்தது. வழியில கொஞ்ச நேரம் ஒன்ட வலையில இருந்து இளைப்பாறினது."

வலைக்காரர் சிரித்துவிட்டார். நானா சிரிக்கவில்லை. அவர் பகிடி விடும்போதெல்லாம் அவர் முகம் பூட்டித்தான் இருக்கும். புத்தளம் சந்தையில் சீட்டுக் கிழித்துத் தருகிற ஆளுக்கு நான் எத்தனையோ தரம் காசு கொடுத்திருக்கிறேன். அது எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றியதேயில்லை. இந்த மீன் எங்கே போகிறது என்பதை மறுநாள் மத்தியானம் ஊரே வரிசையில் நின்று பார்த்தது. அதனாலேயே இதைப் பற்றி எல்லாரும் சண்டை பிடித்தார்கள்.

ஒரு நாள் ஒரு மீன்பிடிப் போட்டு ஒரே ஒரு மீனோடு வந்தது. பாரை. ஒரு சிறுபிள்ளை அளவு. வேறு ஒரு சூடைகூட இல்லை. ஏலத்துக்கு நின்றவர்களெல்லாம் நெருங்கி வந்துவிட்டார்கள், மீனைப் பார்க்க அல்ல, நானா என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க. ஒன்றில் ஒன்றை எடுத்தால் மிச்சம் என்ன?

"இண்டைக்கு விடுங்க நானா," என்றார் போட்டுக்காரர். "நாளைக்கு ரெண்டாத் தாறன்."

"நாளைக்கு நீ ரெண்டு கேன் குடிச்சிட்டு இண்டைக்குச் சும்மா இருக்கிறியா?"

கத்தி கேட்டார். குனிந்து, பாரையின் செவுளுக்குப் பின்னால் அளந்து வைத்து, தலையை வெட்டிக் கூடைக்குள் போட்டார். முண்டம் மணலில் கிடந்தது. "தலையில்லாத மீனை எவன் வாங்குவான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கொஞ்சம் மலிவாகப் போனதால் நான் வாங்கினேன். முதலாளி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "தலை எங்கடா?"

"குடிச்சிட்டாங்க முதலாளி," என்றேன்.

சிரிக்காமல் சொல்ல நானாவிடம் பழகியிருந்தேன்.

ஆனால் எல்லா நாளும் சிரிப்பாக முடியவில்லை. களப்போரம் நண்டு பிடிக்கிற ஒரு மனுசி இருந்தாள், புருசன் இல்லாதவள். அன்று அவளுடைய சட்டிக்குள் கிடந்தவை ஒரு கறிக்கும் காணாது. நானா குனிந்தபோது பக்கத்தில் நின்ற ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: அவளை விடுங்க, பாவம். நானாவின் கை சட்டிக்குள் போனது. நண்டு விரலைக் கவ்வியது. இரத்தம் வந்தது. உதறவில்லை அவர். விரலோடு அதைத் தூக்கிக் கூடைக்குள் விட்டார்.

"உங்களுக்கு மனசே இல்லியா?" என்று நான் கேட்டேன், பிறகு, லொறி நிழலில்.

விரலைச் சாரத்தால் சுற்றிக்கொண்டே சொன்னார்: "இண்டைக்குப் பாவம் எண்டு சொன்னவனுகள்தான் நாளைக்கு அவ கேன் பிடிக்க வந்து நிக்கக்குள்ள ஓசித் தண்ணி எண்டு சொல்லுவானுகள். ஒனக்குத் தெரியா தம்பி. நான் ஓசித் தண்ணி குடிச்சவன்."

அவரே தொடர்ந்தார், கடலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது போல. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து விரட்டியபோது மன்னாரிலிருந்து வெளியேறி இந்தக் கரையில் வந்து இறங்கியவர்கள் அவர்கள். கையில் ஒரு துணிப் பை. முகாமில் தண்ணீர் இல்லை. சனம் ஊர்க் கிணறுகளைத் தேடிப் போனது. முதலில் இரங்கி அள்ளிக் கொடுத்தார்கள். பிறகு கிணறு வற்றத் தொடங்கியது. வாளியைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்கள். "குத்தம் சொல்ல மாட்டன். அவங்கட கிணறு. ஆனா வாளியோட நிக்கிற மனுசன்ட முகம் எப்படி இருக்கும் எண்டு நான் கண்டிருக்கன். எங்கட உம்மாட முகத்தில கண்டன். இந்தக் கரையில இனி ஆருக்கும் அந்த முகம் வரப்படாது."

எல்லாக் கிணறும் மூடவில்லை. ஒரு கிணற்று வீட்டில் ஒரு குமர்ப் பெண், வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து, வேலிக்கு மேலால் வாளியை வாங்கி நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். அவளைத்தான் பிறகு அவர் கட்டினார். அந்தக் கிணறு அவளுடைய வாப்பா தன் கையால் வெட்டி இறக்கியது. வாப்பாவின் மௌத்துக்குப் பிறகு வீடும் கிணறும் அவர்களுக்கு வந்தன.

ஊரே அவளைத் தன் அக்கா போல ராத்தா என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன். ஏலம் முடிந்து லொறியில் ஐஸ் அடைத்து முடிய, கரையை ஒட்டிய அவர்கள் வீட்டு வேலிக்கு மேலால் ஒரு தேத்தண்ணி வரும். எனக்கும் வரும், நானாவுக்கும் வரும். ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தன் கோப்பையைக் குடிப்பாள். சிரித்த முகம். கதை குறைவு. நானா ஊரையே விரட்டுகிறவர். ராத்தா "இஞ்சருங்க" என்றால் பாதிச் சொல்லில் நிறுத்துவார்.

பில்டர் தண்ணியோடு ஊருக்குச் சரிவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கியதை ஊர் ரசித்துக் குடித்தது என்று நினைத்தால் பிழை. சப்பென்று இருக்கிறது என்றார்கள். உயிரில்லாத தண்ணி, கறி ஆணத்துக்கு ருசி வரவில்லை, சோறு வெள்ளையாக இருக்கிறது, வாய்க்குப் பிடிக்கவில்லை. சில வீடுகளில் ருசிக்காகக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சிரட்டை கலந்தார்கள். சிலர் பில்டர் தண்ணியில் பிள்ளையைக் குளிக்க வார்த்தார்கள், தோலுக்கு நல்லதென்று. குடிப்பதற்கு வழமையான வாளி. நானாவுக்கு இது தெரிய வரும்போதெல்லாம் அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவார். கத்த மாட்டார். "நான் மீன் எடுத்தது நீங்க குளிக்கிறதுக்கா?" என்று ஒரே கேள்வி. அவர்கள் வெட்கப்பட்டு உள்ளே போவார்கள். ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு குசினி அடுப்பாக, இப்படியே ஊரை அந்தத் தண்ணிக்குப் பழக்கினார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் ராத்தாவின் கால் வீங்கியது. முகம் வீங்கியது. நோன்பு பிடித்த களைப்பு என்றாள். ஒரு காலை வேலிக்கு மேலால் தேத்தண்ணி வரவில்லை. நானா என்னிடம் வந்து, அவர் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை, "தம்பி, லொறியில ஏத்திக்கொண்டு போக ஏலுமா?" என்றார்.

முன் சீற்றில் ராத்தா நடுவில் இருந்தாள். களப்போரமாக லொறி போக, உப்பளங்களில் வெள்ளை வெள்ளையாகக் குவித்திருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இவ்வளவு உப்பும் எங்க போகுது தம்பி?" என்று கேட்டாள். ஊரெல்லாம் போகுது ராத்தா என்றேன். நானா அவளுடைய கையைத் தன் மடியில் வைத்திருந்தார், ஏலத்தில் ஒன்றை எடுத்துக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்திருப்பது மாதிரி.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் நிறையச் சோதித்தார்கள். பல தரம் போனோம். கடைசியில் சின்ன வயசு டொக்டர் ஒருத்தி, தமிழ் கதைக்கிறவள், கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டதைப் பொறுமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள், "வீட்டில என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

நானா நிமிர்ந்தார். எத்தனையோ நாளாக அந்தக் கேள்விக்குக் காத்திருந்தவர் போல. "பில்டர் தண்ணி, டொக்டர். எங்கட ஊரில ஒவ்வொரு வீடும் அதத்தான். நாங்களே காசு சேத்து, நாங்களே..."

"நான் அதக் குடிச்சதில்ல டொக்டர்," என்றாள் ராத்தா.

வார்டில் வேறு கட்டில்களில் சனம் கதைத்துக்கொண்டிருந்தது. ஒரு தள்ளுவண்டி போனது. நானா அவளைப் பார்த்தபடி நின்றார்.

"உங்கட சோத்துக்கு, உங்கட தேத்தண்ணிக்கு அந்தத் தண்ணிதான் வச்சன். எனக்கு எங்கட கிணத்துத் தண்ணி. வாப்பா இறக்கின கிணறு. ஒருத்தரும் அள்ளாட்டி அது தூர்ந்து போகுமெண்டு... ஒரு ஆளாவது குடிக்கோணும் எண்டு நினைச்சன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "உங்களிட்டச் சொன்னா நீங்க வாசலில வந்து நிப்பீங்க."

கடைசிச் சொல்லைப் பகிடியாகத்தான் சொன்னாள். சிரித்தும் பார்த்தாள்.

தண்ணியால்தான் என்று அடித்துச் சொல்ல ஏலாது, பல காரணம் இருக்கும் என்றாள் டொக்டர். நானாவுக்காகத்தான் சொன்னாளோ, உண்மையாகவே தெரியாதோ, எனக்குத் தெரியாது. நானா தலையை ஆட்டினார். ஓம், ஓம் என்றார். ஒரு நல்ல வியாபாரியின் விலைக்குத் தலையாட்டுவது போல.

திரும்பி வரும்போது ராத்தா உறங்கிவிட்டாள். பாலாவியைத் தாண்டும்போது நானா சொன்னார்: "ஊரில உள்ள குசினியெல்லாம் எட்டிப் பாத்தன் தம்பி. ஒரு குசினிய மட்டும் பாக்கல்ல."

மறுநாள் ஏலத்துக்கு வந்தார். குனிந்தார், எடுத்தார், போட்டார். விலை கூறும்போது குரல் மட்டும் முன்னை மாதிரி ஏறவில்லை. வியாபாரிகள் கிட்ட வந்து நின்று கேட்டார்கள். அன்றிலிருந்து ராத்தா பில்டர் தண்ணி குடித்தாள். அவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருப்பார், அவள் மருந்து குடிப்பது போல் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். கிணற்றை மூடப்போவதாகச் சொல்லிப் பலகை எல்லாம் வாங்கி வந்து வேலியோரம் சாத்தியிருந்தார். மூடவில்லை.

ஒரு கிழமைக்கு மேல் நான் வடக்கே வேறு வேலையாகப் போயிருந்தேன். திரும்பி வந்த காலையில் கரையில் ஏலம் இல்லை. போட்டுகள் இழுத்து ஏற்றியபடி கிடந்தன. சனமெல்லாம் நானாவின் வீட்டு வளவில். சுபஹுத் தொழுகைக்கு முந்தி ராத்தா மௌத்தாகியிருந்தாள்.

ராத்தாவின் மையத்தைக் குளிப்பாட்டப் பெண்கள் துணி கட்டி மறைத்துக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் கேன்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று. யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. ஒருத்தி கொண்டு வந்து வைத்ததைப் பார்த்து மற்றவள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஊர் அவளுக்குக் கொடுக்கத் தன்னிடம் இருந்த நல்ல தண்ணியைக் கொண்டு வந்தது.

நானா வெளியே வந்து அந்த வரிசையைப் பார்த்தார்.

"இது குடிக்கிற தண்ணி," என்றார். "கொண்டு போங்க."

ஒருத்தி தன் கேனை வேலியோடு இன்னும் நெருக்கி வைத்தாள்.

"கிணத்துத் தண்ணியே காணும். அவக்கு அதுதான் விருப்பம்."

தானே போய்க் கயிற்றைப் பிடித்தார். அந்தக் காலை முழுவதும் கப்பிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாளி நிறைந்து வர, மறைப்புத் துணிக்குக் கீழால் ஒரு பெண்ணின் கை வந்து வாங்கும். அவர் குனிவார், அடுத்ததை இறக்குவார். இளந்தாரிகள் இரண்டு பேர் கயிற்றை வாங்கப் போனார்கள். கொடுக்கவில்லை. மணல் கலங்கி வருகிற வரைக்கும் இறைத்தார்.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். சனம் மெல்லக் கலைந்தது. கேன்களை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் வந்து தங்கள் கேனைத் தூக்கிக்கொண்டு போக எல்லாருக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அஸர் தொழுகை முடிந்து வந்து நானா அவற்றைத் திரும்பவும் பார்த்தார். பிறகு கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கினார். நானும் இரண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

எல்லாக் கேனும் ஒரே நிறம், ஒரே அளவு. அடையாளத்துக்குப் பெண்கள் பிடியில் ஒரு துணித்துண்டைக் கட்டியிருந்தார்கள், தங்கள் பழைய சேலையில், சட்டையில் கிழித்தது. பவுசர் வருகிற ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நின்று எல்லாரையும் கவனித்தவர் அவர்; ஒரு துண்டும் அவருக்குப் பிழைக்கவில்லை. சிவப்பு, நெய்னா வீடு. கோடு போட்டது, மூலை வீடு. வாசலில் வைத்துவிட்டு ஒரு சொல் மட்டும் சொன்னார்: "குடிங்க." உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தவர்கள் கேனை உள்ளே எடுத்து வைத்தார்கள். போனோம், வந்தோம். போனோம், வந்தோம். வெயில் களப்பின் மேல் சாய்ந்துவிட்டது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. பச்சை நிறத்தில் வெளிறிய சின்னப் பூப்போட்ட துணி கட்டியது. காலையில் ராத்தாவின் குசினிக்குள் நின்ற பெண்களில் யாரோ, கைக்கு அகப்பட்டதென்று அதையும் தூக்கி வந்து வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

நானா அந்தத் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது ஆருட எண்டு விளங்கல்ல தம்பி," என்றார்.

வேலிக்கு வெளியே மூன்று நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் மணலைப் பார்த்தார்கள். நான் கிணற்றைப் பார்த்தேன்.

"சரி. நாளைக்குக் கேப்பம்," என்று சொல்லி, யாருடைய பொருளுக்கும் சேதம் வரக்கூடாது என்கிற கவனத்தோடு மூடியை இறுக்கிப் பார்த்துவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார்.